தோட்டத்து மேடைக்கு லைட் கொன்ட்ரோல்: போர்ட் வாங்குவதா, லெப்டொப் போதுமா, வயர்லெஸ்ஸா, வாடகையா?

இந்த மாதம் மட்டும் ஒரே கேள்வி இரண்டு பக்கமிருந்து வந்துவிட்டது. ஒருவர் தலவாக்கலைப் பக்கம் நாடகம் பழக்கும் ஆசிரியை. தமிழ்த் தினப் போட்டி, ஒளிவிழா, வாணி விழா, பரிசளிப்பு என்று வருசத்துக்கு நான்கு தடவை மேடை ஏறும் பாடசாலை அது, பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். "அண்ணே, எட்டு எல்ஈடி பார் லைட் வாங்கிட்டோம், இப்ப அத எதால ஓட்டுறதுன்னு தெரியல. கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, பசங்க ஒண்ணு சொல்றாங்க" என்று வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். (பார் லைட் என்பது மேடைக்கு ஒளியடிக்கும் டப்பா வடிவ லைட். போர்ட் என்பது லைட்டுகளின் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் பெட்டி.)

இலங்கை மலையகத்தில், ஹட்டன், கொட்டகலை சுற்றுவட்டத்தில் பாடசாலை நாடகத்துக்கும், காமனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பதினைந்து வருசமாக லைட் போட்டு வருகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து அளப்பது என்பது இருவருக்கும் ஒன்றுதான், அதிலிருந்தே தொடங்குகிறேன். விலையை ரூபாயில் எழுதவில்லை. 2022க்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலை ஏறி இறங்குகிற விதத்தில், இன்றைக்கு எழுதுவது நீங்கள் கடைக்குப் போகும் நாளில் பொருந்தாது. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, வெளிச்சம் அசையாமல் நிற்குமா, மெல்ல இறங்குமா. கடையில் யாரும் இதைக் காட்டமாட்டார்கள். நாடகத்துக்கும் கூத்துக்கும் இதுதான் உயிர்.

இரண்டாவது, கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்த பிறகு மேடையில் வெளிச்சம் திரும்ப எத்தனை நேரம் எடுக்கும். நம் மலைப்பக்கத்தில் ஏப்ரல் மாதமும் ஐப்பசி இடிமழைக் காலமும் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, ஓட்டப் பழகிய பையன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் அடுத்தவன் எத்தனை நாளில் பழகுவான்.

அப்புறம் ஈரமும் கேபிள் தூரமும், கடைசியாக ஐந்து வருசச் செலவு. வாங்கிய அன்று கொடுக்கும் பணத்தை இந்தக் கணக்கில் நான் பெரிதாக எடுப்பதில்லை, ஏனென்றால் பெட்டியை விட அதற்குப் பின்னால் வரும் கேபிள், ஸ்டாண்ட், பிளக், பழுது எல்லாம் சேர்ந்தே கையைக் கடிக்கும்.

முதலாவது விசயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கு மேடை லைட் எல்லாம் டீஎம்எக்ஸ் 512 என்ற முறையில்தான் பேசுகின்றன. அமெரிக்காவில் யூஎஸ்ஐடிடி என்ற மேடைத் தொழில்நுட்ப அமைப்பு 1986இல் கொண்டுவந்தது. அதற்கு முன் பரவலாக இருந்த முறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு டிம்மருக்கும் தனி வயர், அதில் 0 முதல் 10 வோல்ட் வரை. நாற்பது டிம்மர் என்றால் நாற்பது வயர். டீஎம்எக்ஸ் வந்ததும் ஒரே கேபிளில் 512 சனல், அதாவது தனித்தனிக் கட்டளை வழி, ஒவ்வொரு சனலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 512 சனலையும் முழுதாக அனுப்பினாலும் செக்கனுக்கு 44 தடவை வரை அந்த எண்கள் திரும்பத் திரும்பப் போகும். கடையில் வாங்கும் மலிவு பார் லைட்டும் கொழும்பில் பெரிய கச்சேரிக்கு வரும் லைட்டும் பேசும் மொழி இதுதான்.

சிக்கல் அந்த 255இல் இருக்கிறது. 200இலிருந்து 201க்குப் போனால் யாருக்கும் தெரியாது, 2இலிருந்து 1க்கு இறங்கினால் வெளிச்சம் ஒரேயடியாகப் பாதியாகிவிடும். பழைய ஆயிரம் வாட் பார் லைட்டில் இழை சூடாறக் கொஞ்ச நேரம் எடுப்பதால் அந்தப் படிகள் கண்ணுக்குப் படாமல் போய்விடும், அதோடு இறங்க இறங்க வெளிச்சமும் செம்மஞ்சளாகக் கனியும். எல்ஈடிக்கு அந்த இழுவை இல்லை. சொன்ன உடனே கேட்கும். அதனால் கூத்தில் காமனின் மனைவி ரதி புலம்பி முடிக்கையில் மேடையை இருட்டாக்க விரலை மெல்ல இறக்கினால், கடைசியில் டக், டக், டக் என்று மூன்று படி இறங்கி அணைகிறது. பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் மனம் அறுந்துவிடும். நல்ல லைட்டின் மெனுவில் டிம்மர் கேர்வ் அல்லது டிம்மர் ஸ்பீட் என்று ஒன்று இருக்கும், அதில் மெதுவானதைத் தெரிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னும் நல்லதில் வெளிச்ச அளவுக்கு இரண்டு சனல் சேர்த்து 65,536 படி கொடுத்திருப்பார்கள். லைட்டில் இந்த வசதி இல்லையென்றால் எந்தப் போர்டாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

## ஒன்று: கொன்ட்ரோலே இல்லாமல் ஓட்டோவில் விடுவது

எல்ஈடி பார் லைட்டுகளை ஒன்றோடொன்று கேபிளால் கோர்த்து, முதலாவதைச் சத்தத்துக்கு ஏற்ப மாறும் சவுண்ட் மோடில் போட்டால் மற்றவை அதைப் பின்பற்றும். செலவு கேபிள் மட்டும்தான், பழக ஐந்து நிமிசம். கரண்ட் போய் வந்தாலும் தானாகத் தொடங்கிவிடும்.

டிஸ்கோ ஆட்டத்துக்கு, கல்யாண வீட்டு மேடைக்குச் சரி. கூத்துக்கு வேண்டவே வேண்டாம். தப்பு மேளம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் நிறம் மாறும், வேசம் கட்டியவரின் முகம் பச்சையாகி நீலமாகி மறைந்துபோகும். விரதம் இருந்து வேசம் போடுகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவல்ல. வேறு வழியே இல்லையென்றால் எல்லா லைட்டையும் மெனுவில் ஒரே நிறத்தில் நிறுத்திவிடுங்கள், இளமஞ்சள் கலந்த வெள்ளை போதும்.

## இரண்டு: 192 சனல் போர்ட்

கடைகளில் அதிகம் கிடைப்பது இந்தக் கறுப்புப் பெட்டி. எட்டு ஸ்லைடர், பக்கத்தில் 12 லைட்டுக்கான பட்டன், லைட் ஒன்றுக்கு 16 சனல், ஆக 192. சீன், அதாவது ஒரு மேடை வெளிச்ச அமைப்பு, 240 வரை பதிந்து வைக்கலாம். சீன்களைக் கோர்த்துத் தானாக ஓடவிடும் சேஸ் ஆறு. நான் வாங்கியபோது ஏறத்தாழ இரண்டு பார் லைட்டின் விலை.

இதன் கணக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு பயமில்லை. விலாசம் என்பது ஒரு லைட் எந்தச் சனலிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும் என்ற எண். முதல் லைட்டின் விலாசம் 1, அடுத்தது 17, அடுத்தது 33, பிறகு 49. பதினாறு பதினாறாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு லைட்டுக்கு ஒரே விலாசம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும், அதுவும் பல இடத்தில் உதவும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பின்னேரத்தில் பழக்கியிருக்கிறேன், அடுத்த வருசம் அந்தப் பிள்ளையே தங்கச்சிக்குப் பழக்கியது. மூன்றாவது அளவுகோலில் இதை அடிக்க வேறொன்று இல்லை.

குறை இரண்டு. நான் கையாண்ட இந்த வகைப் போர்டுகளில், பதிந்து வைத்த ஒரு சீனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வெளிச்சம் தாவும், வழுக்கிப் போகாது. மெல்ல மாற்ற வேண்டிய இடத்தில் சீனை விட்டுவிட்டு ஸ்லைடரைக் கையால்தான் நகர்த்த வேண்டும். கை பழகினால் அது அழகாகவே வரும், தாளத்தோடு விரலும் இறங்கும்.

மற்றது, கரண்ட். சில வருசத்துக்கு முன் மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக் காமன் கூத்து. நடுச்சாமம் தாண்டி, காமனைச் சிவன் எரிக்கும் கட்டம் நெருங்கும் நேரத்தில் கரண்ட் போனது. பையன்கள் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் பிடித்துவிட்டார்கள், ஸ்பீக்கர் வந்தது, டியூப்லைட் வந்தது, மேடை லைட் எட்டும் இருட்டு. ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன். கூத்து மாஸ்டர் நிறுத்தவில்லை, ரதி பாடிக்கொண்டே இருந்தார், சனம் போன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகுதான் போர்டின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்குவதைக் கண்டேன். இந்தப் போர்ட் கரண்ட் வந்து எழும்பும்போது பிளாக்அவுட்டில்தான், அதாவது எல்லா லைட்டையும் அணைத்து வைக்கும் நிலையில்தான் எழும்பும். அந்த ஒரு பட்டனை அமத்தினால் எல்லாம் வரும். அது தெரியாததால் போன அந்தச் சில நிமிசங்கள் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கின்றன. அன்றிலிருந்து பிளாக்அவுட் பட்டனுக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, "கரண்ட் வந்தால் இதை அமத்து" என்று எழுதி வைக்கிறேன். நீங்களும் வாங்கிய அன்றே எழுதி ஒட்டுங்கள், அல்லது போர்டுக்கு மட்டும் கணினிக்குப் போடும் சின்ன யூபிஎஸ் ஒன்று வையுங்கள்.

மறைந்த செலவு கேபிள். கடைக்காரர் மைக் கேபிளைக் கொடுத்து "இதுவும் அதே எக்ஸ்எல்ஆர்தான்" என்பார். முனை ஒன்றாக இருக்கலாம், உள்ளே வயர் வேறு. டீஎம்எக்ஸுக்கு 110, 120 ஓம் கேபிள் வேண்டும். மைக் கேபிள் சின்ன மண்டபத்துக்குள் ஓடிவிடும், மைதானத்தில் ஐம்பது மீற்றர் இழுத்தவுடன் லைட்டுகள் காரணமில்லாமல் வெட்டும். கடைசி லைட்டின் வெளியே போகும் துளையில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்த முனையை மாட்ட வேண்டும், எக்ஸ்எல்ஆரின் 2ஆம் 3ஆம் பின்னுக்கு இடையில் பற்றவைத்தால் போதும். சில்லறைக் காசில் முடிகிற வேலை. லைட் பைத்தியம் பிடித்ததுபோல் வெட்டுகிறது என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இதுதான் காரணம்.

## மூன்று: லெப்டொப்பும் யூஎஸ்பி டொங்கிளும்

கியூஎல்சி பிளஸ் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய லெப்டொப்பே போதும். யூஎஸ்பியிலிருந்து டீஎம்எக்ஸுக்கு மாற்றும் ஒரு சின்ன டொங்கிள் வாங்க வேண்டும்.

நாடகம்தான் முக்கியம் என்றால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாடகப் பிரதியில் வரும் ஒவ்வொரு ஒளிமாற்றத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை செக்கனில் ஏற வேண்டும், எத்தனை செக்கனில் இறங்க வேண்டும் என்று போட்டுவிடலாம். பொழுது சாயும் காட்சிக்கு நாற்பது செக்கன் கொடுத்தால் அது நாற்பது செக்கனில்தான் சாயும், ஒத்திகையிலும் மேடையிலும் ஒரே மாதிரி. பிள்ளை செய்ய வேண்டியது வசனத்தைக் கேட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுவது மட்டும். இந்த வித்தை இன்று பழைய லெப்டொப்புக்குள் அடங்கிவிட்டது, 1975இல் நியூயோர்க்கில் டாரன் மஸ்ஸர் என்ற ஒளியமைப்பாளர் ஒரு பிராட்வே நாடகத்துக்கு நினைவகம் உள்ள கணினிப் போர்டைக் கொண்டுவந்தது பெரிய செய்தியாக இருந்தது. அதுவரை அங்கே டிம்மர் கைப்பிடிகளை ஆட்கள் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் விசயத்திலும் இதற்கு ஒரு பலம் உண்டு. லெப்டொப்புக்குப் பெட்டரி இருக்கிறது, டொங்கிளும் அதிலிருந்தே ஓடும். ஜெனரேட்டர் பிடித்து லைட் எழும்பிய உடனே எண்கள் தயாராகப் போய்க்கொண்டிருக்கும், மேடை விட்ட இடத்திலேயே ஒளிரும்.

ஆனால் டொங்கிளில் கவனம். மிக மலிவானதற்குள் சொந்தமாக மூளை கிடையாது, ஒவ்வொரு துடிப்பையும் லெப்டொப்தான் நேரம் பார்த்துச் செய்து அனுப்ப வேண்டும். விண்டோஸ் வேறு வேலையில் மூழ்கினால் வெளிச்சம் திக்கும். தனிப் புரொசசர் உள்ள டொங்கிள் சில மடங்கு விலை கூடத்தான், அதை வாங்கத்தான் சொல்வேன். கசிவு மின்சாரம் ஏதாவது கேபிள் வழியாக வந்து லெப்டொப்பைச் சுடாதபடி தனிமைப்படுத்திய வகை என்றால் இன்னும் நல்லது. விழா நாளன்று இணையத்தைத் துண்டியுங்கள், அப்டேட், ஸ்லீப், ஸ்கிரீன் சேவர் மூன்றையும் நிறுத்துங்கள், யூஎஸ்பி வயரை மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அதையும் மீறி லெப்டொப் விழுந்துவிட்டால், சிக்னல் இல்லாதபோது கடைசி வெளிச்சத்தையே பிடித்துக்கொள் என்று லைட்டின் மெனுவில் முன்கூட்டியே போட்டிருந்தால் மேடை இருளாது.

பெரிய பலவீனம் ஆள். ஒரு ஆசிரியரோ ஒரு பையனோ உட்கார்ந்து பழகி, நாடகத்துக்கு நாடகம் எழுதி வைக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் ஆறு மாதம் கழித்து அந்த லெப்டொப் அலுவலகத்தில் மாணவர் வரவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

## நான்கு: வயர்லெஸ், டெப்லட்

இதில் இரண்டு விதம். ஒன்று, கேபிளுக்குப் பதிலாகச் சின்ன அனுப்பியும் வாங்கியும் மாட்டுவது. மற்றது, ஆர்ட்நெட் வழி, அதாவது டீஎம்எக்ஸ் எண்களைக் கணினி வலையமைப்பில் ஏற்றி அனுப்புவது. இங்கிலாந்தில் வெய்ன் ஹொவல் 1998இல் வெளியிட்டது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். டெப்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு நேரே நின்று, ஏணியில் நிற்கிறவனுக்கு "கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு லைட்டாக ஏற்றிப் பார்ப்பது பெரிய சுகம்.

சிக்கல் என்னவென்றால், மலிவு வயர்லெஸ் பெட்டிகள் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது அழகாக வேலை செய்யும். விழா அன்று ஐந்நூறு பேர், ஐந்நூறு போன், பாதிப் பேர் ஹொட்ஸ்பொட், போதாததற்கு நடுவில் நிற்கும் மனித உடம்பே அலையை உறிஞ்சும். அந்த நேரத்தில்தான் வெட்டும். ஆர்ட்நெட் போடுவதென்றால் மேடைக்கு வயரிலேயே போங்கள், சாதாரண நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். டெப்லட்டுக்கு மட்டும் வைஃபை.

வயர்லெஸ் கட்டாயம் வேண்டிய இடமும் நம் பக்கத்தில் உண்டு. மேடை ஒரு தட்டில், கோயில் கோபுரம் மேல் தட்டில், நடுவில் தேர் போகும் பாதை. கேபிளைப் பாதைக்குக் குறுக்கே போடவும் முடியாது, தூக்கிக் கட்டவும் முடியாது. அங்கே கோபுரத்துக்கு மட்டும் ஒரு சோடி வயர்லெஸ் போடுங்கள். நிற்கும் நிறம் என்பதால் இடையில் ஒரு துடிப்பு விட்டுப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

## ஐந்து: ஆளோடு வாடகைக்கு எடுப்பது

கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ லொறி வரும், லைட் தொங்கவிடும் ட்ரஸ் சட்டம் ஏறும், மூவிங் ஹெட் எட்டோ பத்தோ சுழலும். இந்த ஆடும் லைட்டை டெக்சாஸைச் சேர்ந்த ஷோகோ என்ற கம்பனி 1981இல் ஜெனசிஸ் இசைக்குழுவின் பயணத்துக்காக முதன்முதலாக மேடையேற்றியது, ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்தில். வாரிலைட் என்று பெயர். இசைக்காகப் பிறந்தது, இன்றைக்கும் இசைக்கச்சேரிக்குத்தான் அது பொருந்தும். நம் மலையில் இன்னொரு அழகும் சேரும். மாலையில் மூடுபனி இறங்கினால் புகை மெசினே தேவையில்லை, ஒளிக்கற்றைகள் ஆகாயத்தில் தூண்போல நிற்கும். (அதே பனியில் முன்னாலிருந்து அடிக்கும் லைட் வெள்ளைச் சுவராகி மேடையை மறைக்கும். பனி வந்தால் முன் லைட்டைக் குறைத்துப் பக்க லைட்டை ஏற்றுங்கள், எந்தத் தெரிவை எடுத்தாலும் இது பொருந்தும்.)

வாடகையில் பழுது, சேமிப்பு, ஈரம் எதுவும் உங்கள் தலைவலி இல்லை. ஆனால் ரேட்டில் சொல்லாத செலவுகளை முன்கூட்டியே கேளுங்கள்: வண்டிக் கூலி, ஆட்களின் சாப்பாடு, தங்கும் இடம், ஜெனரேட்டர் டீசல். வண்டி பின்னேரம் நான்கு மணிக்குத்தான் வந்து சேரும் என்றால் ஒத்திகை கிடையாது, நாடகத்தை அறியாத கை போர்டில் இருக்கும். இன்னொன்று, ஒடுங்கிய கற்றை அடிக்கும் பீம் லைட் பலவற்றில் இருப்பது டிஸ்சார்ஜ் பல்ப், அதாவது இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் பல்ப். கரண்ட் போனால் சூடாறும் வரை திரும்பப் பற்றாது, பல நிமிசம் ஆகலாம். எல்ஈடி மூவிங் ஹெட் என்றாலும் எழும்பியதும் தன் தலையை ஒருமுறை சுழற்றிச் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னதைக் கேட்கும்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். பழைய ஆயிரம் வாட் பார் ஆறு என்றால் 6,000 வாட், 230 வோல்ட்டில் 26 ஆம்பியர். 30 ஆம்பியர் இணைப்புள்ள தோட்ட மண்டபத்தில் அதற்கு மேல் ஒரு கேத்தலும் போட முடியாது. மூன்று வாட் எல்ஈடி 54 கொண்ட பார் லைட் எட்டும் சேர்த்து 1,300 வாட்டுக்குள் நிற்கும், ஒரு 13 ஆம்பியர் பிளக்கே தாங்கிவிடும். அதேநேரம் பழைய டிம்மர் பெட்டியில் எல்ஈடி லைட்டை மாட்டிவிடாதீர்கள், லைட் போய்விடும்.

## அந்த இரண்டு பேருக்கும்

ஆசிரியைக்கு: லெப்டொப்பும் நல்ல டொங்கிளும். நீங்கள் இருக்கும்வரை அதற்கு ஆள் இருக்கிறது, ஒரு நாடகத்தை ஐந்து தடவை ஒரே மாதிரி ஒளியேற்ற வேறு வழியில்லை. மிச்சப் பணத்தில் சரியான கேபிளும், பழைய ஆயிரம் வாட் லைட் இரண்டும், அதற்கு ஒரு சின்ன டிம்மரும் எடுங்கள். எல்ஈடி எல்லாம் அணைந்த பிறகும் அந்த இரண்டும் கனிந்து கனிந்து இறங்கட்டும், முன்பு சொன்ன படி இறங்கும் குறை அதில் மறைந்துவிடும்.

மஸ்கெலியாத் தம்பிக்கு: 192 போர்ட். கமிட்டி மாறும், பையன்கள் மாறுவார்கள், பெட்டி அப்படியே இருக்கும். கச்சேரி இரவுக்கு மட்டும் மூவிங் ஹெட் வாடகைக்கு எடுங்கள், சொந்தமாக வாங்க வேண்டாம். விட்டில் பூச்சியும் ஈரமும் அதன் விசிறிக்குள் போனால் அடுத்த திருவிழாவுக்கு அது எழும்பாது. போர்டையும் லைட்டையும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள், குளிர் அறையிலிருந்து எடுத்தால் ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் பிளக்கில் மாட்டுங்கள். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அப்புறம், காமனை எரிக்கும் இடத்தில் வாணம் வெடிப்பதை லைட் போர்டிலிருந்தே பற்றவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. டீஎம்எக்ஸில் எண் பிழையாகப் போய்ச் சேர்ந்தால் கண்டுபிடிக்கும் வழியே கிடையாது, ஆபத்தான எதற்கும் இதைப் பயன்படுத்தாதே என்று அந்தத் தரவிதியிலேயே எழுதியிருக்கிறது. தீயை எப்போதும் வைக்கிற ஆளே கையால் வைக்கட்டும்.

கடைக்குப் போகும்போது பகலில் போகாதீர்கள், அல்லது ஷட்டரை இறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் லைட்டைச் சவுண்ட் மோடில் போட்டுக் காட்டுவார், அது முடியட்டும். பிறகு போர்டில் மாட்டச் சொல்லி, வெள்ளையை 20இல் வைத்து, அங்கிருந்து பூச்சியத்துக்கு உங்கள் விரலாலேயே மெல்ல இறக்கிப் பாருங்கள். சுவரைப் பாருங்கள், லைட்டை அல்ல. போனில் வீடியோ எடுத்து அதில் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள், பெற்றோர் எல்லாரும் போனில்தான் எடுப்பார்கள். கடைசியாகப் பிளக்கைப் பிடுங்கித் திரும்ப மாட்டி, வெளிச்சம் எத்தனை செக்கனில் வருகிறது என்று எண்ணுங்கள்.